கல் அறுக்கும் அரிவாள்

கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று தெரிந்ததும், எல்லாப் பிள்ளைகளும் ஏதாவதொரு கிளப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அதுவரை பெயர்ப்பலகையில் மட்டும் இருந்த கிளப்புகள் எல்லாம் ஒரே வாரத்தில் உயிர் பிழைத்து வந்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தன. சுற்றுச்சூழல் கிளப்பிடம் ஒரே ஒரு புங்கங்கன்று இருந்தது. சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அதை நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நட்டதும் பிடுங்கி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். சாயங்காலம் அது தலை தொங்கி மேசைக்கு அடியில் கிடந்தது.

சிந்துஜா நேரே நாடக கிளப் மேசைக்குப் போனாள். பி.காம். இரண்டாம் வருஷம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவளுக்குக் குரல் உண்டு. செங்கல் சூளையில் மண் மிதிக்கும் பள்ளத்திலிருந்து கல் காயும் களத்துக் கடைசி வரை கேட்கும்படி கத்திப் பழகிய குரல். பள்ளிக்கூடத்தில் எந்த விழா வந்தாலும் கூட்டத்தோடு உட்கார்ந்து கை தட்டியதுதான் அவள் கண்டது. ஒரு தடவையாவது மேடையில் ஏறி, விளக்கு முகத்தில் அடிக்க, நாலு பேர் கேட்கப் பேசிவிட வேண்டும் என்பது அவளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்த ஆசை.

கிளப்புக்குச் செயலாளர் சினேகா. ரமணாசிரமத்துப் பக்கம் அவள் அப்பாவுக்கு வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி இருந்தது. அங்கே வந்து தங்கிய யாரோ ஒரு அம்மாளிடம் நாடகம் கற்றுக்கொண்டவள் என்று பேச்சு. பொறுப்பாசிரியர் தமிழ்த்துறை அருள்ராஜ் சார். ஜிப்பா போட்டுக்கொண்டு, எதைச் சொன்னாலும் கண்ணை மூடித் திறந்துவிட்டுத்தான் சொல்வார்.

முதல் கூட்டத்தில் எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்கார வைத்தார். "மனசத் திறந்து பேசணும். உங்க வாழ்க்கையில உங்கள உலுக்குன ஒரு சம்பவத்தச் சொல்லுங்க" என்றார்.

சினேகா அவள் வளர்த்த நாய் செத்த கதையைச் சொன்னாள். தொப்பையும் மீசையுமாக இருந்த அஸ்பாக், கிரிவலத்துக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வேறு எவனோ செருப்பைப் போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொண்டதைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். சிந்துஜாவின் முறை வந்தது.

அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா காசியம்மாள் சூளையில் கல் அறுப்பவள். ஒருநாள் கல் கோணலாக இருக்கிறது என்று மேஸ்திரி வந்து, அறுத்துப் போட்டிருந்த, இன்னும் சுடாத பச்சைக் கல் வரிசையை பூட்ஸ் காலால் உதைத்துக்கொண்டே போனான். விடியலிலிருந்து குனிந்து அறுத்த கல். அம்மா எழுந்தாள். ஒரு கை சேற்றை அள்ளி அவனுடைய வெள்ளைச் சட்டையில் நெஞ்சோடு அப்பினாள். "இந்தா, ஒரு நாளைக்கு நீ பூசிக்கினு பாரு. எனக்கு ஜென்மம் பூரா ஒடம்புல இதான்" என்றாள். மேஸ்திரி அடிக்கக் கையை ஓங்கி, அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

சினேகா எழுந்து வந்து சிந்துஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சென்ட் வாசனை மூக்கில் ஏறியது. "யூ ஆர் ஸோ ஸ்ட்ராங், சிந்து" என்றாள். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது. அருள்ராஜ் சார் கண்ணை மூடித் திறந்தார். "கலைவிழாப் போட்டிக்கு நம்ம நாடகம் கிடைச்சிடுச்சு" என்றார்.

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் சிந்துஜாவுக்குக் கால் வலிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னாள்.

"எம்மா, உன் கதைய காலேஜுல நாடகம் போடறாங்க."

காசியம்மாள் காலில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எங்கதையா? அதுல இன்னாடி கீது ஆடிக்காட்ட?"

"மேஸ்திரி சட்டையில மண்ணப் பூசின இல்ல, அது."

"அட கருமமே. அத்த போய் எல்லார்கிட்டயும் சொன்னியா?" திட்டினாலும் வாய் சிரித்தது. "சரி, நானாட்டம் யாரு வர்றது?"

"நான்தான்."

யாரும் அப்படி இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வேறு யார் வரப்போகிறார்கள்?

"நீயா? எம்மாதிரி வாய் இருக்குதா உனுக்கு? குரல அடக்கினு பேசாத. தொண்டையத் தொறந்து பேசு" என்றாள் அம்மா. அன்று ராத்திரி சோறு போடும்போதுகூட மேஸ்திரியின் முழியை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நாடகத்தைச் சினேகா எழுதிக்கொண்டு வந்தாள். 'தொழிலாளர்கள் கல் அறுக்கிறார்கள்' என்று முதல் காட்சி ஆரம்பித்தது. ஒத்திகைக்குப் போனால், அஸ்பாக் தெர்மாகோலில் வெட்டி வெள்ளிக் காகிதம் ஒட்டிய அரிவாள்களை ஒரு கோணிப்பையிலிருந்து எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தான். சிந்துஜா முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, செங்கல் மாதிரி அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நெல் அறுப்பதைப்போல் அரிவாளால் அறுக்க ஆரம்பித்தார்கள்.

"சார், கல்லு அறுக்குறதுன்னா இது இல்ல" என்றாள். "மண்ண அள்ளி அச்சுல அடிச்சுக் களத்துல கவுக்கறது. அதத்தான் அறுக்கறதுன்னுவோம்."

அருள்ராஜ் சார் கண்ணை மூடித் திறந்தார். "அறுத்தல்னா என்னம்மா பொருள்? அறுக்கிறதுக்குக் கருவி வேணுமா வேணாமா?"

"கையாலதான் சார்."

"கையால எதையாவது அறுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். "அரிவாள் ஒரு குறியீடு. உழைப்பு, கோபம், எல்லாம் அதுல வந்துடுது. பாக்கறவனுக்குச் சட்டுனு புரியணும் இல்ல?"

"சிந்து, திஸ் இஸ் தியேட்டர். டாக்குமெண்டரி இல்லப்பா" என்றாள் சினேகா அன்பாக.

அரிவாள் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது அரிவாள் இல்லை. அம்மா வேஷம் யாருக்கு என்று கேட்டாள். சார் அவளைத் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"உன் குரல் அருமையான குரல். அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நடிப்புன்னா என்ன? இல்லாதத இருக்கிற மாதிரி காட்டறது. நீ ஏற்கெனவே அப்படியே இருக்க. நீ மேடையில வந்தா அது நடிப்பாவே தெரியாதும்மா. ஜட்ஜ் மார்க் போட மாட்டான். சினேகா செஞ்சாத்தான், அடடா, அந்தப் பொண்ணு எவ்ளோ மாறியிருக்கான்னு தோணும்."

அவர் சொன்னதில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மறுப்பது என்றே சிந்துஜாவுக்குத் தெரியவில்லை. வழவழவென்று சோப்பு போட்ட தரையாக இருந்தது அந்தப் பேச்சு.

"நீ பக்கத்துலயே இருந்து அவளுக்கு வசனம் எடுத்துக் குடு. அது பெரிய பொறுப்பு" என்றார்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சினேகாவுக்கு வேஷம் சரிவராமல் போனால், கடைசி நேரத்தில் தனக்கு வரலாம் என்று ஒரு நப்பாசை. அதனால் தினமும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து சினேகாவுக்கு அம்மாவின் பேச்சைச் சொல்லிக்கொடுத்தாள். "ஒடம்புல... இன்னொரு வாட்டி சொல்லு. 'பூசிக்கினு'. ஸோ க்யூட்" என்று சினேகா அதைப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

ஒரு சனிக்கிழமை சினேகா காரில் சூளைக்கே வந்து இறங்கினாள். அஸ்பாக்கும் கூட. கேரக்டரை உள்வாங்க வேண்டுமாம். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மண் பள்ளத்தில் இறங்கி, "ஐயோ சில்லுனு இருக்கு" என்று கத்தினாள். அஸ்பாக் படம் பிடித்தான். கரையேறி, சேற்றுக் காலோடு, அவன் பிடித்த போனுக்கு முகம் காட்டிக்கொண்டே பின்புறமாக நடந்தவள், காசியம்மாள் அன்று காலை அறுத்துப் போட்டிருந்த பச்சைக் கல் வரிசைமேல் ஏறிவிட்டாள். கல் ஒவ்வொன்றும் அவள் குதிகாலுக்கு அடியில் சாணி மாதிரி பிதுங்கியது.

"ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஸாரி!"

"பரவால்ல கண்ணு. மறுபடி அறுத்துக்கலாம்" என்றாள் காசியம்மாள். தேடி வந்த பெண் ஆயிற்றே. நசுங்கிய மண்ணை வழித்து எடுத்து, அச்சில் அடித்து, கவிழ்த்தாள். சினேகா பக்கத்தில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினேகா, இப்பப் பாத்தல்ல? இதான் அறுக்கறது. அரிவா எங்க கீது?" என்று கேட்டாள் சிந்துஜா.

"பாத்தேன்பா. பட் அரிவாள் ஏற்கெனவே செஞ்சாச்சே. வெள்ளிப் பேப்பர்கூட ஒட்டியாச்சு."

காசியம்மாள் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நாடகத்துல நீ இன்னா வேஷம் கண்ணு?"

"நீங்கதான் ஆன்ட்டி! உங்களாட்டம் நான்தான் நடிக்கிறேன்."

காசியம்மாள் மகளைப் பார்த்தாள். சிந்துஜா சூளைப் புகையைப் பார்த்தாள்.

"நல்லாப் பண்ணு கண்ணு" என்றாள் காசியம்மாள். கார் போன பிறகும் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கல்லை அறுத்தாள். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது சிந்துஜாவுக்கு.

கல்லூரிகளுக்கிடையிலான கலைவிழா அவர்கள் கல்லூரி அரங்கத்திலேயே நடந்தது. மேடைக்குப் பின்னால் வேதியியல் ஆய்வகத்தை ஒப்பனை அறையாக மாற்றியிருந்தார்கள். ஒப்பனைக்குப் பர்சானா. டவுனில் அவள் சித்தி பியூட்டி பார்லர் வைத்திருந்ததால் அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. சினேகாவின் வெள்ளைவெளேர் முகத்துக்குக் கறுப்புச் சாயம் கலக்கத் தெரியாமல் அவள் திண்டாடினாள். முதலில் ஜாஸ்தியாகிக் கரி மாதிரி ஆனது. துடைத்துவிட்டுக் கம்மி பண்ணினால் மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி ஆனது.

"ஏய், எதுக்குக் கஷ்டப்படற? சிந்து இருக்கால்ல?" என்றாள் சினேகா. "சிந்து, கைய நீட்டேன்."

என்னத்துக்கு என்று புரியாமல் சிந்துஜா கையை நீட்டினாள். பர்சானா டப்பாக்களிலிருந்து ஒவ்வொரு நிறமாக விரலில் எடுத்து அவள் முழங்கைக்குக் கீழே கோடு கோடாக இழுத்தாள். கோட்டையும் தோலையும் மாறி மாறிப் பார்த்தாள். சினேகாவும் குனிந்து பார்த்தாள். வசனத் தாளைப் படித்துக்கொண்டிருந்த அருள்ராஜ் சாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து பார்த்தார். ஜாக்கெட் துணிக்கு ஒத்துப்போகிற நூல்கண்டு தேடுகிற மாதிரி மூன்று பேரும் அவள் கையை விளக்குக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது டூ டார்க். இதுக்கு முந்தின கோடு. அதேதான்! பர்ஃபெக்ட் மேட்ச்!" சினேகா கை தட்டினாள்.

கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று சிந்துஜாவின் மூளை சொன்னது. கை அப்படியே நீண்டு கிடந்தது. பர்சானா மட்டும் நிமிரவில்லை. "ஸாரிடி" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்துவிட்டு, அந்த நிறத்தை எடுத்துச் சினேகாவின் கழுத்தில் தடவ ஆரம்பித்தாள். தடவத் தடவச் சினேகா கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ச்சீ, எப்படி இருக்கேன் பாரு" என்று சிரித்தாள். பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐ மீன், கேரக்டருக்குப் பக்கா" என்றாள்.

நாடகம் தொடங்கியது. திரைக்குப் பக்கத்து இருட்டில் சிந்துஜா நின்றாள். மேடையில் தொழிலாளர்கள் வெள்ளிக் காகித அரிவாளால் செங்கல்லைக் கதிர் அறுப்பதுபோல் அறுத்தார்கள். குழல் விளக்கில் அரிவாள் பளபளத்தது. கூட்டத்தில் ஒருவனும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் மூன்று நடுவர்கள் தாடையில் கை வைத்து உருகிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி வேஷத்தில் அஸ்பாக் தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து அட்டைப்பெட்டிகளை உதைத்தான். சினேகா எழுந்தாள். சேற்றுக்குப் பதிலாகக் காபித்தூள் கரைத்து வைத்திருந்த கிண்ணத்தில் கை விட்டு அள்ளினாள். அவன் நெஞ்சில் அப்பினாள். "இந்தா" என்றாள்.

அதோடு நின்றுவிட்டது.

அடுத்த வார்த்தை அவளுக்கு வரவில்லை. கறுப்புச் சாயத்துக்குள் கண் மட்டும் வெள்ளையாக உருண்டு திரைப்பக்கம் திரும்பியது. சிந்துஜாவின் வாயில் அந்த வார்த்தை தயாராக இருந்தது. மெல்லச் சொன்னால் போதும். நாக்கு பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். என் தோலைத்தான் எடுத்துக்கொண்டாய், இதையும் நானே கொண்டுவந்து உன் வாயில் ஊட்ட வேண்டுமா? நில். கூட்டத்துக்கு முன்னால் வெறும் வாயோடு நில்.

சினேகா நின்றாள். பிறகு பயத்தில் பொத்தென்று மண்டியிட்டு விழுந்து, "அம்மா..." என்று ஓவென அழுதாள். நிஜமான அழுகை. கண்ணீரில் கன்னத்துச் சாயம் கரைந்து கோடாக வழிந்தது. அஸ்பாக் என்ன செய்வதென்று தெரியாமல் தலை குனிந்தான். யாரோ விளக்கை அணைத்தார்கள்.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

சிந்துஜா இருட்டில் நின்று அந்தக் கைதட்டலைக் கேட்டாள். மேஸ்திரி சட்டையில் மண்ணைப் பூசிவிட்டு அவள் அம்மா அழவில்லை. அழுதிருந்தால் அவன் அடித்திருப்பான்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். நடுவர்களில் நரைத்த தலைமுடிக்காரர் ஒருவர் மைக் பிடித்து, "அந்தப் பெண் வசனமே பேசவில்லை. அந்த மௌனமும் கண்ணீரும் ஆயிரம் வசனத்துக்குச் சமம். இதற்காக எவ்வளவு கள ஆய்வு செய்தீர்கள்?" என்று கேட்டார். கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்ற சினேகா அழுது சிவந்த கண்ணோடு சொன்னாள்: "எங்க கிளப்லயே ஒரு நிஜமான பொண்ணு இருக்கா சார். சூளைல இருந்து வர்றவ. அவங்க அம்மா கதைதான் இது. சிந்து, ப்ளீஸ் வா!"

அருள்ராஜ் சார் உள்ளே ஓடிவந்து அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "போம்மா, போ. எடுத்துக் குடுக்காம விட்டதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இப்ப போய் ரெண்டு வார்த்தை பேசு. நல்லா உருக்கமா."

சிந்துஜா மேடை ஏறினாள். விளக்கு முகத்தில் அடித்தது. சினேகா அவளைத் தோளோடு அணைத்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு முகமும் ஒரே நிறம். ஒன்றில் கோடு கோடாக வெள்ளை தெரிந்தது. பார்த்ததும் கூட்டம் ஆகா என்றது. போன்கள் உயர்ந்தன. மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

அவள் கனவில் கண்ட மைக். கனமாக, யாரோ பிடித்த ஈரத்தோடு இருந்தது.

"இந்த வேஷத்த நான் கேட்டேன்" என்றாள். குரல் பின்சுவர் வரை போய்த் திரும்பியது. "குடுக்கல. நீ வந்தா நடிப்பாவே தெரியாது, மார்க் வராதுன்னு சார் சொன்னாரு. என் கைய வச்சுப் பாத்துத்தான் இவங்களுக்குச் சாயம் கலக்குனாங்க. எங்கம்மாகிட்ட நான்தான் நடிக்கிறேன்னு சொல்லியிருந்தேன். அவ்ளோதான்."

மைக்கைத் தரையில் வைத்தாள். சினேகாவின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் கை தட்டினான். உடனே இன்னொருவன். அருள்ராஜ் சார் மைக்கை எடுத்துக்கொண்டு, "உணர்ச்சிவசப்பட்டுட்டா. உண்மையான உணர்ச்சி!" என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நரைத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிந்துஜா படியிறங்கி அரங்கத்துக்கு வெளியே வந்து வாசல் கேட் வரை நிற்காமல் நடந்தாள். செங்கம் ரோட்டில் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பின்னால் அஸ்பாக் மூச்சு வாங்க ஓடிவந்தான். நெஞ்சில் காபித்தூள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏய் சிந்து, செம ஸ்பீச்! ஒடம்பெல்லாம் சிலுத்துக்கிச்சு. கேளு, அடுத்த மாசம் சென்னையில மாநிலப் போட்டிக்கு நம்மள எடுத்துட்டாங்க. நீ பேசுனத அப்படியே கடைசி சீனா வச்சிக்கலாம்னு சார் சொல்றாரு. அதே டயலாக், அதே டோன்ல."

"யாரு பேசறது?"

"நீதான். நீயே."

"நானேவா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டபோது உள்ளே ஏதோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. சென்னை மேடை, பெரிய விளக்கு, அம்மாவிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு துள்ளல். இமைக்கிற நேரம்தான். ஆனால் எழுந்தது எழுந்ததுதான், அவளே பார்த்துவிட்டாள். அரிவாளையும் சாயத்தையும் சாரையும் சினேகாவையும் கண்டு வராத அருவருப்பு இப்போது தன்னைக் கண்டே அடிவயிற்றிலிருந்து கிளம்பி வாய் நிறைய வந்தது.

காறித் துப்பினாள்.

அஸ்பாக் இரண்டடி பின்னால் போனான். "ஏய், இன்னா? என்னயா துப்புன?"

"உன்ன இல்ல."

"அப்ப சாரையா? நான் போய் இன்னான்னு சொல்லட்டும்?"

"வரலன்னு சொல்லு."

"யோசிச்சு சொல்லு சிந்து. இப்டி சான்ஸ் யாருக்கும் வராது."

"போடா" என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.